சிறுவர் எலும்பியல் எக்ஸ்-கதிர்ப் படங்களில் கதிர்வீச்சைக் குறைத்தல்

சிறுவர் எலும்பியல் எக்ஸ்-கதிர்ப் படங்களில் கதிர்வீச்சைக் குறைத்தல் என்பது, எலும்பு, மூட்டு, முதுகெலும்பு ஆகியவற்றின் நோய்களுக்காகவோ காயங்களுக்காகவோ குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும்போது, நோயை அறிய வேண்டிய தெளிவை இழக்காமல் அவர்கள் உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவைக் குறைப்பதற்கான வழிமுறைகளைக் குறிக்கும். உடல் ஏற்கும் இவ்வளவு ஏற்பளவு எனப்படும்.

கையிலோ காலிலோ எலும்பு முறிந்த குழந்தைக்கு எடுக்கப்படும் ஓரிரு படங்களைப் பற்றிப் பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. கை எலும்புப் படம் ஒன்றின் ஏற்பளவு ஏறத்தாழ 0.001 மில்லிசீவர்ட் மட்டுமே. மண், பாறை, காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து மனிதர் ஒருவர் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் ஆகும். அதாவது, கைப் படம் ஒன்றில் கிடைப்பது எவரும் சில மணி நேரத்தில் இயற்கையிலிருந்து பெறுவதே. சிக்கல் வேறு இடத்தில் உள்ளது. முதுகெலும்பு, இடுப்பு போன்ற உடற்பகுதிகள் நேரடியாகக் கதிரின் வழியில் வரும் படங்களும், ஒரே குழந்தைக்குப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் படங்களுமே கவனத்துக்கு உரியவை. இவ்விரண்டும் ஒன்றுசேரும் நோய், முதுகெலும்புப் பக்கவளைவு. இத்துறையில் கற்ற பாடங்களுள் பெரும்பாலானவை அந்நோயாளிகளிடமிருந்து வந்தவை என்பதால், இக்கட்டுரையும் அதனையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

குழந்தைகளுக்கு ஏன் தனிக் கவனம்

எக்ஸ்-கதிர் அயனியாக்கும் ஆற்றல் கொண்டது. உயிரணுவினுள் உள்ள டி.என்.ஏ. இழையை அது முறிக்கக்கூடும். பெரும்பாலான முறிவுகளை உயிரணுவே செப்பனிட்டு விடுகிறது. தவறாகச் செப்பனிடப்பட்ட சில, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு. குழந்தைக்கு முன்னால் இருக்கும் வாழ்நாள் நீண்டது. எனவே அத்தகைய பாதிப்பு வெளிப்படுவதற்கான காலமும் நீண்டது. வளரும் உடலில் உயிரணுக்கள் விரைந்து பிரிகின்றன. மேலும், பெரியவர்களில் குருதியணுக்களை உண்டாக்கும் செம்மஜ்ஜை முதுகெலும்பு, இடுப்பு, விலா, மண்டையோடு போன்ற நடு உடல் எலும்புகளில் ஒடுங்கியிருக்க, சிறு குழந்தைகளில் அது கைகால்களின் நீள எலும்புகளிலும் நிறைந்துள்ளது.

ஆயினும் "குழந்தைகள் எல்லா வகையிலும் பெரியவர்களைவிட எளிதில் பாதிக்கப்படுவர்" என்ற பொதுக் கூற்று துல்லியமானதன்று. அணுக்கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியற் குழு 2013ஆம் ஆண்டு அறிக்கையில் இதனை வகைப்படுத்தியது. அதன்படி, குருதிப் புற்று, தைராய்டு, மார்பகம், தோல், மூளை உள்ளிட்ட ஏறத்தாழ 25 விழுக்காட்டுப் புற்று வகைகளில் குழந்தைகள் தெளிவாகக் கூடுதல் உணர்திறன் உடையவர்கள். ஏறத்தாழ 15 விழுக்காட்டு வகைகளில் பெரியவர்களுக்கு இணையானவர்கள். நுரையீரல் புற்று உள்ளிட்ட ஏறத்தாழ 10 விழுக்காட்டு வகைகளில் குறைந்த உணர்திறன் உடையவர்கள். மற்றவற்றில் தெளிவான முடிவு இல்லை. எலும்பியல் படங்களைப் பொறுத்தவரை இப்பட்டியலில் உள்ள தைராய்டும் மார்பகமும் முக்கியமானவை. முதுகெலும்பை முழுவதும் படமெடுக்கும்போது இரண்டும் கதிரின் பாதையிலேயே இருக்கின்றன.

மிகக் குறைந்த அளவுகளில் தீங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது. அளவு எவ்வளவு குறைந்தாலும் அதற்கேற்ற சிறு தீங்கு உண்டு என்ற நேர்கோட்டுக் கருதுகோளே பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படை. இக்கருதுகோளை ஏற்காத அறிவியலாளரும் உள்ளனர். சி.டி. அலகீட்டின் அளவுகளில் சான்று சற்று வலுவானது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 22 வயதுக்கு முன் சி.டி. எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 9.5 இலட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளியானது. 10,000 சிறுவர்களுக்கு இக்காலத்துச் சி.டி. அலகீடு ஒன்று செய்யப்பட்டால், அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அதன் காரணமாகக் குருதி சார்ந்த புற்று ஏற்படலாம் என அது மதிப்பிட்டது. தனிக் குழந்தையின் நோக்கில் இது மிகச் சிறிய வாய்ப்பு. தேவையான படத்தை மறுக்க இதனைக் காரணமாகக் காட்ட இயலாது. தேவையற்ற படத்தைத் தவிர்க்க இது போதுமான காரணமே.

செருப்புக் கடையில் எக்ஸ்-கதிர்

1895இல் வில்லெம் ரோண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தபின், அதன் தீங்கு பொதுமக்களுக்கு உறைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1920கள் முதல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் செருப்புக் கடைகளில் பாதங்களை எக்ஸ்-கதிரால் காட்டும் பெட்டிகள் வைக்கப்பட்டன. புதுச் செருப்புடன் குழந்தை அதன்மேல் ஏறி நின்று, தன் விரலெலும்புகள் அசைவதை மேலே உள்ள துளை வழியாகப் பார்க்கலாம். செருப்பின் அளவை அறிய இது தேவையே இல்லை. விற்பனைக் கவர்ச்சிக்காகவே வைக்கப்பட்டது. அமெரிக்க மாநிலங்களுள் பென்சில்வேனியா 1957இல் முதலாவதாக இதனைத் தடை செய்தது. மருத்துவப் பயன் எதுவும் இல்லாத எக்ஸ்-கதிர்ப் பயன்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மருத்துவமனைக்குள் நிகழ்ந்தது வேறு வகை. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் அவற்றின் கூட்டுத்தொகையை எவரும் கணக்கிடவில்லை.

பக்கவளைவு நோயாளிகள்

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, தன் அச்சிலும் திருகிக்கொள்ளும் நிலை பக்கவளைவு எனப்படும். பெரும்பாலும் பூப்பெய்தும் காலத்து விரைவு வளர்ச்சியின்போது, காரணம் அறியப்படாமல் தோன்றுகிறது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வளைவு பெருகுவோரில் பெண்களே மிகுதி. வளைவின் அளவைக் கணிக்க அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் காப் 1948இல் விளக்கிய கோணமே இன்றும் பயன்படுகிறது. வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மிகுதியாகச் சாய்ந்துள்ள முள்ளெலும்புகளின் தட்டுகளுக்கு இணையாகக் கோடுகள் வரைந்து, அவற்றுக்கு இடைப்பட்ட கோணம் அளக்கப்படுகிறது. 10 பாகையும் அதற்கு மேலும் உள்ள வளைவு பக்கவளைவாகக் கொள்ளப்படும். வளரும் பிள்ளைகளில் 25 பாகையைத் தாண்டினால் உடற்பட்டை அணிவிப்பதும், 45 முதல் 50 பாகையைத் தாண்டினால் அறுவை மருத்துவம் பற்றி எண்ணுவதும் வழக்கம்.

ஆகவே, வளைவு கூடுகிறதா என்பதே கேள்வி. அதற்கு விடை காண, வளர்ச்சி முடியும்வரை சில மாதங்களுக்கு ஒருமுறை முழு முதுகெலும்பும் படமெடுக்கப்படுகிறது. நோயாளி 10 முதல் 16 வயதுக்குள் இருக்கும் சிறுமி. மார்பகத் திசு வளரத் தொடங்கும் காலமும் அதுவே.

இதன் விளைவை அளந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. 1912க்கும் 1965க்கும் இடையில் அமெரிக்காவின் 14 எலும்பியல் மருத்துவ மையங்களுக்கு வந்த, நோய் அறியப்பட்டபோது 20 வயது நிரம்பாத 5,573 பெண்களின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் தேடியெடுத்தனர். ஒவ்வொருவருக்கும் சராசரியாக 24.7 படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. மார்பகம் ஏற்ற மொத்த அளவு சராசரியாக 108 மில்லிகிரே என மதிப்பிடப்பட்டது. எளிய வகுத்தலில், படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 4.4 மில்லிகிரே. சராசரியாக 40 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 77 பேர். அதே வயதினரான பொதுமக்களின் இறப்பு வீதப்படி எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை 45.6 மட்டுமே. படங்களின் எண்ணிக்கையும் ஏற்பளவும் கூடக்கூட இடரும் கூடியது.

இவ்வெண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, பிள்ளைப்பேறு இன்மையும் தாமதமான பிள்ளைப்பேறும் மார்பகப் புற்றின் இடரைக் கூட்டுவன. கடுமையான வளைவு உள்ள பெண்களுக்குப் படங்களும் மிகுதி, பிள்ளைப்பேறும் குறைந்திருக்கலாம். எனவே கூடுதல் இறப்பு முழுவதையும் கதிர்வீச்சின் கணக்கில் எழுத இயலாது என ஆய்வாளர்களே குறிப்பிட்டனர். இரண்டாவது, அக்காலப் படச்சுருள்களும் கருவிகளும் இன்றுள்ளவற்றைவிடப் பன்மடங்கு கதிர்வீச்சைக் கோரின. இன்று பக்கவளைவுக்குப் படமெடுத்துக்கொள்ளும் சிறுமிக்கு அதே இடர் உண்டு எனக் கூறுவது தவறு. அந்தப் பெண்கள் ஏற்ற அளவிலிருந்து இன்றைய அளவுக்கு இறங்கி வந்தது எவ்வாறு என்பதே பின்வரும் பகுதிகளின் பொருள்.

திரும்பி நிற்றல்

மிக எளிதானதும் செலவே இல்லாததுமான மாற்றம், நோயாளியைத் திரும்பி நிற்கச் செய்தது. பழைய முறையில் நோயாளி எக்ஸ்-கதிர்க் குழாயைப் பார்த்தவாறு நிற்பார். கதிர் மார்பின் வழியே நுழைந்து முதுகின் வழியே வெளியேறும். எக்ஸ்-கதிர் உடலுக்குள் செல்லச்செல்ல வலுவிழக்கிறது. மருத்துவப் படங்களுக்குப் பயன்படும் ஆற்றலில், ஏறத்தாழ 3 செ.மீ. மென்திசுவைக் கடக்கும்போது அதன் செறிவு பாதியாகி விடும். அப்படியாயின், நுழையும் பக்கத்தில் உள்ள உறுப்பு முழுச் செறிவையும் ஏற்கிறது. வெளியேறும் பக்கத்தில் உள்ள உறுப்பு, சிதறிய கதிரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அதில் சிறு பகுதியையே ஏற்கிறது.

நோயாளி குழாய்க்கு முதுகைக் காட்டி நின்றால் மார்பகமும் தைராய்டும் வெளியேறும் பக்கத்துக்கு வந்துவிடுகின்றன. அவற்றின் ஏற்பளவு பல மடங்கு குறைகிறது. காப் கோணத்தை அளப்பதற்கு இரு நிலைகளும் ஒன்றே. முதுகெலும்புகளில் உள்ள மஜ்ஜை குழாய்க்கு அருகில் வருவதால் அதன் ஏற்பளவு சற்றுக் கூடும் என்பது உண்மை. மொத்தக் கணக்கில் ஆதாயமே மிகுதி. இம்முறை 1970களின் இறுதியிலிருந்தே பரிந்துரைக்கப்பட்டு வந்தது. அதே காலத்தில் அருமண் தனிமங்களால் ஆன ஒளிர்திரைகள் படச்சுருளுடன் பயன்பாட்டுக்கு வந்து, ஒரு படத்துக்கு வேண்டிய கதிரையும் வெகுவாகக் குறைத்தன.

பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் ஒவ்வோர் உறுப்புக்கும் தரும் எடைக்காரணியில் மார்பகத்தின் இடம் ஏறி இறங்கியிருப்பது குறிப்பிடத்தக்கது. 1977இல் 0.15 ஆக இருந்தது 1990இல் 0.05 ஆகக் குறைக்கப்பட்டு, 2007இல் மீண்டும் 0.12 ஆக உயர்த்தப்பட்டது. நோயாளியைத் திருப்பி நிறுத்துவதற்கான காரணம் இந்த உயர்வால் மேலும் வலுப்பெற்றது.

எத்தனை படங்கள், எப்போது

ஒரே படத்தைத் தேர்ந்த மருத்துவர் இருவர் அளந்தாலும் காப் கோணத்தில் ஏறத்தாழ 5 பாகை வரை வேறுபாடு வரும். ஆகவே, 5 பாகைக்குக் குறைந்த மாற்றத்தை உண்மையான வளர்ச்சி எனக் கொள்ள இயலாது. இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. அடுத்த படத்துக்கு முன் வளைவு 5 பாகை கூடுவதற்கான காலம் கடந்திருக்க வேண்டும். இல்லையேல், அப்படம் எதைக் காட்டினாலும் அதைக்கொண்டு முடிவெடுக்க இயலாது. விரைவு வளர்ச்சியில் உள்ள பிள்ளைக்கு நான்கு முதல் ஆறு மாத இடைவெளி பொருந்தும். வளர்ச்சி ஓய்ந்த பிள்ளைக்கு அதே இடைவெளியில் படமெடுப்பது பழக்கத்தின் விளைவே அன்றி மருத்துவத் தேவை அன்று.

இடைப்பட்ட வருகைகளில் கதிர் இல்லாத கருவிகள் உதவும். பிள்ளையை முன்னோக்கிக் குனியச் செய்து, முதுகின் மேல் வைத்துச் சாய்வை அளக்கும் திருகுமானி, நீர்மட்டக் கருவியைப் போன்ற எளிய பொருள். திருகல் கூடவில்லை என அது காட்டினால் படத்தை ஒத்திவைக்கலாம். ஒளிக்கோடுகளை முதுகில் வீழ்த்தி மேற்பரப்பின் வடிவத்தைக் கணினியில் பதியும் முறைகளும் உள்ளன. எனினும் இவை காப் கோணத்துக்கு மாற்று ஆவதில்லை.

பக்கவாட்டுத் தோற்றப் படம் முதல் வருகையில் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் தேவைப்படுவதில்லை. வளர்ச்சி எவ்வளவு மீதமுள்ளது என்பதை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் தோன்றும் எலும்பாக்கத்தைக் கொண்டு கணிக்கும் ரிஸ்ஸர் குறியீடு, அதே முதுகெலும்புப் படத்திலேயே தெரியும். கூடுதல் துல்லியம் வேண்டின், மிகக் குறைந்த ஏற்பளவு கொண்ட கைப் படம் ஒன்று போதுமானது.

ஒரு மருத்துவமனையில் எடுத்த படம் மற்றொரு மருத்துவமனைக்குக் கிடைக்காததால் அதே நாளில் மீண்டும் எடுப்பது எங்கும் காணக்கூடிய வீண். பெற்றோர் பழைய படங்களையோ அவற்றின் குறுவட்டையோ பத்திரப்படுத்திக் கொண்டுவந்தால், கருவி எதனாலும் இயலாத சேமிப்பு கிடைக்கும்.

படமெடுக்கும் நுட்பம்

எடுத்தே ஆகவேண்டிய படத்தில் கதிரைக் குறைக்கும் வழிகள் பெரும்பாலும் எளிய இயற்பியலைச் சார்ந்தவை. கதிர்ப் புலத்தை வேண்டிய பகுதிக்கு மட்டும் சுருக்குவது முதன்மையானது. முழங்காலைப் படமெடுக்கும்போது தொடை முழுவதும் ஒளிப்புலத்தில் இருக்கத் தேவையில்லை. புலம் சுருங்கினால் சிதறல் குறைந்து படமும் தெளிவாகும் என்பதால், இதில் இழப்பு எதுவும் இல்லை.

குழாயின் வாயிலில் அலுமினியம், செப்பு ஆகியவற்றின் மெல்லிய தகடுகளை வைத்தால், படத்துக்கு உதவாமல் தோலிலேயே உறிஞ்சப்படும் வலுக்குறைந்த கதிர்கள் வடிகட்டப்படும். 1996இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட சிறுவர் கதிர்ப்பட வழிகாட்டி, கூடுதலாக 1 மி.மீ. அலுமினியமும் 0.1 அல்லது 0.2 மி.மீ. செப்பும் பொருத்தப் பரிந்துரைத்தது. சிதறிய கதிரைத் தடுக்க நோயாளிக்கும் உணரிக்கும் இடையில் வைக்கப்படும் ஈயப் பட்டைகளாலான கிரிட், பெரியவர்களின் பருத்த உடலுக்குத் தேவை. ஆனால் பயனுள்ள கதிரிலும் ஒரு பகுதியை அது விழுங்குவதால், அதனை ஈடுசெய்யக் கதிரைப் பல மடங்கு கூட்ட வேண்டியுள்ளது. கைக்குழந்தையின் உடலிலும் சிறுவரின் கைகால்களிலும் சிதறல் குறைவு. அங்கே கிரிட்டைக் கழற்றிவிடுவதே முறை. பெரியவர்களுக்கென அமைத்த அறையில் இதனைக் கழற்ற மறப்பது எளிது.

எண்ணிமக் கருவிகள் வந்தபோது ஏற்பளவு தானாகவே குறையும் என எதிர்பார்க்கப்பட்டது. நடந்தது சில இடங்களில் நேர்மாறானது. படச்சுருளில் கதிர் மிகுந்தால் படம் கறுத்துவிடும். தவறு உடனே கண்ணுக்குத் தெரியும். எண்ணிமப் படத்திலோ கணினி வெளிச்சத்தைத் தானே சரிசெய்து கொள்கிறது. கதிர் குறைந்தால் படத்தில் புள்ளிப்புள்ளியாய் இரைச்சல் தோன்றி மருத்துவர் குறை கூறுவார். மிகுந்தால் படம் மேலும் அழகாகவே இருக்கும். எவரும் குறை கூறார். ஆகவே, யாரும் திட்டமிடாமலேயே அளவு மெல்ல மெல்ல மேலேறுகிறது. இது ஏற்பளவு ஊர்தல் எனப்படுகிறது.

இதற்கு மாற்றாக, உணரியை எட்டிய கதிரின் அளவை ஒரே சீராகக் குறிக்கும் பன்னாட்டுத் தரம் 2008இல் வெளியானது. அதில் உள்ள விலகல் எண் மடக்கை அளவில் அமைந்தது. இலக்குக்குச் சரியாக இருந்தால் 0. இருமடங்கு கதிர் விழுந்திருந்தால் ஏறத்தாழ +3. பாதி எனில் ஏறத்தாழ -3. ஒவ்வொரு படத்துடனும் இவ்வெண் திரையில் தோன்றுகிறது. பயன் தருவது, அதனைப் பார்த்துப் பதிவுசெய்து ஒப்பிடும் பழக்கம் மட்டுமே.

எவ்வளவு தெளிவு போதும் என்ற கேள்விக்கும் கணக்கு உண்டு. படத்தின் இரைச்சல், கதிரின் அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் அமைகிறது. இரைச்சலைப் பாதியாக்கக் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். மறுபுறம், கதிரை நான்கில் ஒன்றாக்கினால் இரைச்சல் இருமடங்கு மட்டுமே ஆகும். நுண்ணிய முறிவைத் தேடும் படத்தில் அந்த இரைச்சல் தீங்கானது. முள்ளெலும்பின் விளிம்பில் கோடு வரைந்து கோணம் அளக்கவும், வளர்ந்துகொண்டிருக்கும் காலின் நீளத்தை அளக்கவும் அது பெரும்பாலும் தடையாகாது. நோயை முதன்முறை அறியும் படத்துக்கும் பின்தொடரும் படத்துக்கும் ஒரே அளவு கதிர் வேண்டும் என்ற எண்ணம் இங்கே கைவிடப்படுகிறது.

துகள் இயற்பியலிலிருந்து வந்த கருவி

போலந்தில் பிறந்த பிரெஞ்சு இயற்பியலாளர் ஜார்ஜ் சார்பாக், ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்னில் 1968இல் பல்கம்பி விகித அறையை உருவாக்கினார். வளிமம் நிறைந்த அறைக்குள் நெருக்கமாகக் கட்டப்பட்ட மெல்லிய கம்பிகள், கடந்து செல்லும் துகள்களை மின் குறிகைகளாக மாற்றும். இதற்காக அவருக்கு 1992இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மிகக் குறைந்த கதிரையும் உணரவல்ல இந்நுட்பத்தை மருத்துவப் படங்களுக்குக் கொண்டுவர அவர் முனைந்தார். எலும்பியல் மருத்துவர் ஜான் துபூசே உள்ளிட்டோருடன் இணைந்து உருவான கருவி ஈயோஸ் எனப் பெயர் பெற்று, 2000களின் நடுப்பகுதியில் மருத்துவமனைகளுக்கு வந்தது.

இக்கருவியில் நோயாளி ஒரு கூண்டினுள் நிற்கிறார். ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமைந்த இரண்டு குழாய்கள், காகிதம் போன்ற மெல்லிய கதிர்க்கற்றையை மேலிருந்து கீழாக நகர்த்துகின்றன. கற்றை மெல்லியதாதலால் சிதறிய கதிர் உணரியை எட்டுவது அரிது. நேர்த் தோற்றமும் பக்கத் தோற்றமும் ஒரே நேரத்தில் கிடைப்பதால் இரண்டையும் இணைத்து முப்பரிமாண உருவமும் அமைக்கலாம். 2010இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், மார்பு-வயிற்றுப் பகுதியில் தோல் மேற்பரப்பு ஏற்ற அளவு அக்காலத்து வழக்கமான எண்ணிம முறையைவிட 6 முதல் 9 மடங்கு குறைவாக இருந்தது. பின்னர் வந்த நுண்ணளவு முறை அதனையும் பல மடங்கு குறைத்தது. அதில் எலும்பின் நுண்ணமைப்பு தெரியாது, கோணம் அளக்கலாம்.

குறைகளும் உண்டு. அலகீடு முடியப் பல நொடிகள் ஆவதால், அசையாமல் நிற்க இயலாத சிறு குழந்தைகளுக்குப் படம் நெளிந்துவிடும். மீண்டும் எடுத்தால் ஆதாயம் போய்விடும். விலையும் மிகுதி. பிரித்தானியாவின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனமான நைஸ் 2011இல் இதனை ஆய்ந்து, விலைக்கு ஈடான பயன் நோயாளிக்குக் கிடைக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என முடிவு செய்தது. சில மடங்குக் குறைப்பு என்ற எண் கவர்ச்சியானது. ஆனால் ஏற்கெனவே சிறிதாகிவிட்ட இடரை மேலும் சிறிதாக்க எவ்வளவு செலவிடலாம் என்பது இயற்பியல் விடை சொல்லும் கேள்வி அன்று.

ஈயக் கவசம் விலகிய கதை

இடுப்புப் படம் எடுக்கும்போது குழந்தையின் இனப்பெருக்கச் சுரப்பிகளின் மேல் ஈயக் கவசம் வைப்பது 1950களிலிருந்து பரவிய வழக்கம். அமெரிக்க அரசு 1976இல் இதற்கு விதிமுறைப் பரிந்துரையே வெளியிட்டது. அக்காலத்தில் பெரிதும் அஞ்சப்பட்டது அடுத்த தலைமுறைக்குச் செல்லும் மரபுக் கேடு. ஆனால் மனிதரில் அத்தகைய கேடு, அணுகுண்டுத் தாக்குதலிலிருந்து பிழைத்தவர்களின் பிள்ளைகளிடத்தும் காணப்படவில்லை. இனப்பெருக்கச் சுரப்பிகளுக்கான எடைக்காரணி 1977இல் 0.25 ஆக இருந்து, 1990இல் 0.20 எனவும் 2007இல் 0.08 எனவும் இறங்கியது.

நடைமுறையில் வேறு தொல்லைகளும் வெளிப்பட்டன. சிறுமிகளில் சூலகங்களின் இடம் ஆளுக்கு ஆள் மாறுவதால், கவசம் பெரும்பாலும் அவற்றை மறைப்பதே இல்லை. சில வேளைகளில் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்து, படத்தை மீண்டும் எடுக்க வைக்கிறது. கதிரைத் தானே முடிவு செய்யும் கருவிகளில், உணரும் பகுதியின் மேல் கவசம் படிந்தால், கதிர் போதவில்லை எனக் கருவி எண்ணி மேலும் கூட்டுகிறது. பாதுகாக்க வைத்த பொருளே ஏற்பளவை உயர்த்துகிறது. உடலுக்குள் சிதறி வரும் கதிரை மேலே வைத்த கவசம் தடுப்பதும் இல்லை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் இவ்வழக்கத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தேசியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு மன்றம் 2021இல் அதே முடிவுக்கு வந்தது. கவசம் வைக்கவில்லையே எனப் பெற்றோர் கேட்பதும், விளக்கம் தர நேரமின்றி நுட்பநர் அதனை வைத்துவிடுவதும் இன்றும் நிகழ்கின்றன. அரை நூற்றாண்டுக் காலம் அக்கறையின் அடையாளமாகக் கற்பிக்கப்பட்ட ஒன்றை விலக்குவது எளிதன்று.

கதிரே வேண்டாத இடங்கள்

பிறவி இடுப்பு மூட்டுக் குறைபாட்டில் மீயொலி, எக்ஸ்-கதிரை வென்றது கதிர்வீச்சு அச்சத்தால் மட்டும் அன்று. பிறந்த குழந்தையின் தொடையெலும்புத் தலை குருத்தெலும்பால் ஆனது. அதில் எலும்பாக்கம் தொடங்க ஏறத்தாழ 4 முதல் 6 மாதங்கள் ஆகும். அதுவரை எக்ஸ்-கதிர்ப் படத்தில் அது தென்படாது. மீயொலியில் தெளிவாகத் தெரியும். ஆஸ்திரிய மருத்துவர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980இல் இம்முறையை வெளியிட்டார். வளைபாதத்துக்குப் பொன்செட்டி முறையில் மாவுக்கட்டுப் போடும்போது கையால் தொட்டுக் கணிப்பதே வழிகாட்டி. வழக்கமாகப் படம் தேவைப்படுவதில்லை.

கணுக்காலில் அடிபட்டோரில் யாருக்குப் படம் வேண்டும் எனத் தீர்மானிக்க 1992இல் கனடாவில் வகுக்கப்பட்ட ஒட்டாவா விதிகள், குறிப்பிட்ட எலும்பு முனைகளில் அழுத்தினால் வலி உள்ளதா, நான்கு அடி நடக்க முடிகிறதா என்பவற்றைக் கேட்கின்றன. மணிக்கட்டருகே எலும்பு முறியாமல் புடைத்துக்கொள்ளும் காயம் சிறுவர்களுக்கே உரியது. பிரித்தானியாவில் 965 சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு, அவர்களுக்கு மென்கட்டு தந்து வீட்டுக்கு அனுப்புவதும், இறுகக் கட்டி மீண்டும் வரவழைப்பதும் குணமாவதில் ஒன்றே எனக் காட்டியது. மறுவருகை இல்லையெனில், வழக்கத்துக்காக எடுக்கும் மறுபடமும் இல்லை.

காந்த ஒத்ததிர்வுப் படத்திலும் கதிர்வீச்சு இல்லை. ஆனால் நெடுநேரம் அசையாதிருக்கச் சிறு குழந்தைக்கு மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். அதன் இடர் சிறிய எக்ஸ்-கதிர்ப் படத்தின் இடரைவிடப் பெரிதாகலாம்.

அறுவை அரங்கில்

முழங்கைக்கு மேல் முறிந்த எலும்பைக் கம்பியிட்டு நிறுத்தும்போது, சி வடிவக் கையுடைய நேர்காட்சிக் கருவி பயன்படுகிறது. இங்கே ஏற்பளவு மிதிகட்டையில் உள்ள காலின் பழக்கத்தைப் பொறுத்தது. தொடர்ந்து மிதிக்காமல் விட்டுவிட்டு மிதித்தல், கடைசிப் படத்தைத் திரையில் நிறுத்திவைத்துச் சிந்தித்தல், துடிப்பு முறையில் இயக்குதல், உருப்பெருக்கத்தைத் தவிர்த்தல், உணரியை நோயாளிக்கு அருகிலும் குழாயைத் தொலைவிலும் வைத்தல் ஆகியவை அறுவையாளர், செவிலியர் ஆகியோரின் ஏற்பளவையும் சேர்த்தே குறைக்கின்றன.

குறைக்கக் கூடாத இடம்

பாதுகாப்பு ஆணையத்தின் கோட்பாடு, "நியாயமான வகையில் எட்டக்கூடிய அளவுக்குக் குறைவாக" என்பதே. "முடிந்தவரை குறைவாக" என்பது அன்று. நோயாளிகளுக்கு உச்ச வரம்பு எதுவும் விதிக்கப்படாததும் இதனால்தான். 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய 'இமேஜ் ஜென்ட்லி' இயக்கமும் படத்தை மறுக்கச் சொல்லவில்லை. குழந்தையின் உருவுக்கேற்பக் கதிரை அமைக்கவே சொன்னது.

இவ்வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படுவது, அடித்துத் துன்புறுத்தப்பட்டதாக ஐயுறப்படும் கைக்குழந்தையின் படங்களில். 1946இல் அமெரிக்க மருத்துவர் ஜான் காஃபி, மூளையைச் சூழ்ந்து குருதி உறைந்த குழந்தைகளின் நீள எலும்புகளில் விளக்கமில்லாத முறிவுகளைக் கண்டு எழுதினார். பேசத் தெரியாத அக்குழந்தைகளுக்காகப் பேசியவை அப்படங்களே. இன்று இரண்டு வயதுக்குட்பட்ட இத்தகைய குழந்தைக்கு உடலின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக, ஏறத்தாழ 20 படங்களாக, உயர்ந்த தெளிவில் எடுக்கப்படுகிறது. கதிரை மிச்சப்படுத்த உடல் முழுவதையும் ஒரே படத்தில் அடக்குவது ஏற்கப்படுவதில்லை. வளர்ச்சித் தட்டின் ஓரத்தில் உள்ள மயிரிழை முறிவு அதில் தப்பிவிடும்; தப்பினால், குழந்தை அதே வீட்டுக்குத் திரும்பிச் செல்லும். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து, புது முறிவுகளைச் சுற்றி எலும்பு வளரத் தொடங்கியபின், படங்கள் மீண்டும் எடுக்கப்படுகின்றன. அம்முறை மட்டும் மண்டையோடு, இடுப்பு, முதுகெலும்பின் பக்கத் தோற்றம் ஆகியவற்றை விட்டுவிடலாம். அவற்றில் புதிதாக ஏதும் தெரிய வாய்ப்புக் குறைவு.